மூடி போடாத கேபினட்

கடலூர் முதுநகரில் கம்ப்யூட்டர் வாங்குகிறவன்
கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
சொன்னால் சிரிக்கிறார்கள்.
இரண்டு மழைக்காலம் போகட்டும்,
திருகாணித் தலையில் துரு பூக்கட்டும்,
துண்டு போர்த்தி, ஸ்கூட்டரில் இடுக்கிக்கொண்டு
அவர்களே வருவார்கள்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி.

நான் கடை வைத்தவன் இல்லை.
பகலில் ஐஸ் ஃபேக்டரியில்
அமோனியா கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டுகிறவன்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் இந்தப் பைத்தியம்.
காசு வாங்குவதில்லை.
அதனால் அபிப்பிராயத்தை அடக்குவதும் இல்லை.

ஜலாலுதீன் மகன் வந்தான், அறுபதாயிரத்தோடு.
ஏழு நிறத்தில் எரியும் விசிறி நான்கு,
கண்ணாடிக் கதவு,
பவர் சப்ளைக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு.
"பந்தல் முழுக்க சீரியல் செட் கட்டிவிட்டு
சைக்கிள் டைனமோவிலா தம்பி கல்யாணம்?"
முகம் சுருங்கிப்போனது.
கையில் தூக்கினால் கனக்க வேண்டும் என்றேன்.
மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறாயே,
அந்தப் புத்தி இங்கே எங்கே போனது?

பீப், பீப், பீப் என்று கத்திவிட்டு
திரை கறுப்பாகவே நிற்கிறதா? அழ வேண்டாம்.
ராமைக் கழற்றி ரப்பரால் தேய்.
வெள்ளை ரப்பர்.
ஸ்ட்ராபெரி மணக்கும் ரப்பர் ஆகாது, பிசுக்கு ஒட்டும்.
பத்தில் ஆறு பேர் இதிலேயே தேறிவிடுவார்கள்.
மீதிப் பேருக்கு எறும்பு.

எஸ்தர் டீச்சருக்குப் பல்லி.
பிரிண்டருக்குள் முட்டை இரண்டு.
எடுக்கவா என்றேன், பதறிவிட்டார்.
ஒரு மாதம் மார்க் பட்டியலெல்லாம்
ஜெராக்ஸ் கடையில் அச்சானது.
இதற்கு என்னிடம் அபிப்பிராயம் இல்லை.

தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு என்பார்கள்.
எந்தப் பட்டாணி, காய்ந்ததா, ஊறியதா
என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.
காய்ந்தது.

சிப்காட் பக்கமிருந்து காற்றடித்த ஒரு வாரம்
அழுகிய முட்டை நெடி.
அஞ்சலாட்சியின் கொலுசு கறுத்தது.
என் போர்டில் செம்புக் கோடுகளும் கறுத்தன.
அவள் பற்பொடி போட்டுக் கொலுசைத் தேய்த்தாள்,
நான் ஸ்பிரிட் தொட்டு போர்டைத் தேய்த்தேன்,
சமையலறை டியூப்லைட்டுக்கு அடியில்
எதிரெதிரே, பேசாமல்.
அன்றைக்குக் கல்யாண நாள் என்பது
எனக்கு மட்டும் மறுநாள்தான் தெரிந்தது.

கரண்ட் போய்ப்போய் வரும் ராத்திரியில்
ப்ராஸஸரில் கைவைக்காதே என்று
ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
கை சும்மா இருக்கவில்லை.
பழைய போர்டைத் திறந்தேன், சும்மா, பார்க்க.
சும்மா என்ற சொல்லின் விலை இரண்டாயிரத்து எண்ணூறு:
விரலில் வழுக்கி, தரையில் விழுந்து,
நாலு பின் தாழம்பூ முள் மாதிரி சாய்ந்துவிட்டது.
ஓட்டுமேல் மழை.
என் கை நடுங்குவதைப் பார்த்து
"தள்ளு, டார்ச்சைப் பிடி" என்றாள்.
கொலுசுத் திருகைக் கழற்றும் ஊசியால்
ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.
மூச்சு விடாதே என்றாள். விடவில்லை.

மூன்று இருபதுக்குக் கரண்ட் வந்தது.
விசிறி சுழன்றது, ஒரே ஒரு பீப்.
இடது பக்க யுஎஸ்பி மட்டும் அன்றிலிருந்து ஊமை.
இருக்கட்டும்.

என் கேபினட்டுக்கு மூடி எங்கே என்று
வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள்.
மாடியில் இருக்கிறது.
அதில்தான் நெத்திலி காய்கிறது.
துளை துளையாக இருப்பதால்
அடியிலும் காற்று போகிறதாம்.
அவள் அபிப்பிராயம்.
சரியாகத்தான் இருக்கிறது.